சிங்காநல்லூர் முனிசிபாலிட்டியும் ஓட்டுப் போடாத 15 வருஷமும்

சிங்காநல்லூர் ஒரு காலத்துல தனி நகராட்சின்னு சொன்னா இப்ப இருக்கற பசங்க நம்ப மாட்டேங்கறாங்க. திருச்சி ரோடு, பஸ் ஸ்டாண்டு, குளம், ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி... எல்லாமே கோயமுத்தூரோட ஒரு பகுதின்னுதான் அவங்களுக்குத் தெரியும்.

முதல்ல கொஞ்சம் பழைய கதை. கோயமுத்தூர் நகராட்சி ஆரம்பிச்சது 1866-ல். முதல் தலைவர் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை. 1882-ல் ரிப்பன் பிரபு உள்ளூர் நிர்வாகத்தை உள்ளூர்க்காரங்களே பாக்கணும்னு தீர்மானம் போட்டார். அப்புறம் 1920-ல் மாவட்ட நகராட்சிகள் சட்டம் வந்துச்சு. ரொம்ப காலம் நம்ம பக்கத்து முனிசிபாலிட்டி எல்லாம் நடந்தது இந்தச் சட்டப்படிதான்.

நடைமுறை சிம்பிள். வார்டுக்கு ஒரு கவுன்சிலர். வீட்டு வரி எவ்வளவு, எந்தத் தெருவுக்கு விளக்கு, எங்கே சாக்கடை, இதையெல்லாம் மன்றம் கூடி தீர்மானம் போடும். அதிகாரிங்க அதை நிறைவேத்துவாங்க. ஆனா ஒரு பிடி அரசாங்கத்து கையில. மன்றத்தைக் கலைச்சுட்டு தனி அலுவலரைப் போட்டுடலாம். அப்புறம் மன்றத்தோட வேலை முழுக்க அவர் ஒருத்தரே.

1981-ல் சிங்காநல்லூர் நகராட்சியைச் சேர்த்துக்கிட்டு கோயமுத்தூர் மாநகராட்சி ஆச்சு. பெருமைதான், இல்லைங்கல. ஆனா அடுத்து நடந்ததைப் பாருங்க. 1986-ல் தமிழ்நாட்டுல நகராட்சிகளுக்குத் தேர்தல் நடந்துச்சு. தனியா இருந்திருந்தா நம்ம ஊர்க்காரங்களும் ஓட்டுப் போட்டிருப்பாங்க. மாநகராட்சி ஆயிட்டதால அது இல்லாம போச்சு. கோவைக்கு முதல் மேயரா வெ. கோபாலகிருஷ்ணன் வந்தது 1996-ல்தான். நடுவுல 15 வருஷம்! தெருவிளக்கு எரியலைன்னா போய் நிக்க ஒரு கவுன்சிலர் வீட்டு வாசல் கூட கிடையாது. மனு எழுதி ஆபீஸ்ல குடுத்துட்டு காத்திருக்க வேண்டியதுதான்.

1996 தேர்தலுக்கும் காரணம் 1993-ல் அமலுக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம். அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை தேர்தல் கட்டாயம்னு அது சொல்லுது. அப்படியும் 2016 அக்டோபர்ல மன்றத்தோட காலம் முடிஞ்சு, அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில. 2011-ல் இதே மாதிரி சேர்ந்த குறிச்சி, குனியமுத்தூர், கவுண்டம்பாளையம் நகராட்சிக்காரங்களுக்கு ஒரே ஒரு மன்றம் பாக்கறதுக்குள்ள இந்த இடைவெளி வந்துடுச்சு.

ஊர் பெருசாகறது நல்லதுதான். ஆனா வார்டு 72-ல் இருந்து 100 ஆனாலும், ஓட்டே நடக்கலைன்னா என்ன பிரயோஜனம்? அடுத்து எந்த ஊரையாவது மாநகராட்சியோட சேக்கறாங்கன்னா, வரி ஏறுமான்னு மட்டும் கேக்காதீங்க. தேர்தல் எப்பன்னும் சேத்துக் கேளுங்க.

அப்புறம், உங்க வீட்டுப் பழைய பெட்டியில சிங்காநல்லூர் நகராட்சின்னு போட்ட வரி ரசீது கிடந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. நம்ம ஊர் வரலாறு அதுலதான் இருக்குதுங்க.