கேஸுக்கு நாற்றம் வந்த கதை: கேம்பிங் சிலிண்டரின் நூறு வருஷம்

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்ன சாமானைப் பத்தி. அமெரிக்காவுல கேம்பிங் போறவங்க கார் டிக்கியில பச்சைக் கலர்ல, குண்டா ஒரு தண்ணி பாட்டில் மாதிரி ஒண்ணு கிடக்கும். உள்ளே ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான புரோப்பேன். அடுப்பை அது தலையில திருகி, பத்த வெச்சு, காபி போடுவாங்க. அதை நிமிர்த்தித்தான் வைக்கணும், வீட்டுக்குள்ள வைக்கக் கூடாது, காலியானா மறுபடி நிரப்பக் கூடாதுன்னு ஏகப்பட்ட விதிகள். ஒவ்வொரு விதிக்குப் பின்னாடியும் ஒரு காரணம் இருக்கு. சிலதுக்குப் பின்னாடி சாவும் இருக்கு.

கதை பெட்ரோல்லதான் ஆரம்பிக்குது. 1910 வாக்குல, பிட்ஸ்பர்க்ல ஃபோர்டு மாடல் டி கார் வெச்சிருந்த ஒருத்தர், வால்டர் ஸ்னெல்லிங் என்கிற வேதியியலாளரைப் போய்ப் பார்த்ததாகச் சொல்வாங்க. ஸ்னெல்லிங் அமெரிக்க அரசின் சுரங்கத் துறையில வேலை பார்த்தவர், வெடிமருந்து நிபுணர். வந்தவருக்கு ஒரே கேள்விதான்: ‘ஒரு கேலன் பெட்ரோல் வாங்கினா வீடு போய்ச் சேர்றதுக்குள்ள பாதி காணாமப் போயிடுது. நான் ஏமாத்தப்படுறேனா?’ ஸ்னெல்லிங் கொஞ்சம் பெட்ரோலை ஜாடியில எடுத்து மூடி வெச்சார். மூடி துள்ளித் துள்ளி எகிறுச்சு. பழைய வெந்நீர் ஹீட்டர் குழாய், கையில கிடைச்ச தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் சேர்த்து ஒரு கருவியைக் கட்டி, எது ஓடிப் போகுதுன்னு பிரிச்சுப் பார்த்தார். புரோப்பேன், பியூட்டேன் மாதிரியான வாயுக்கள் கிடைச்சது. 1913-ல் காப்புரிமையும் வாங்கினார். பிற்பாடு அதை ஃபிலிப்ஸ் பெட்ரோலியம் நிறுவனர் ஃபிராங்க் ஃபிலிப்ஸுக்கு 50,000 டாலருக்கு வித்துட்டார். அந்தக் கார்க்காரருக்கு ஏதாவது கிடைச்சிருக்கும்னு நான் நம்பலை.

ஆக இந்த வாயுவோட குணமே தப்பிச்சு ஓடுறதுதான். புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிச்சு ஆவியாகிடும். அதை அழுத்தி அடைச்சா திரவமாகும். ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தா கிட்டத்தட்ட 270 லிட்டர் வாயு. ஒரு பாட்டில்ல மூணு நாள் சமையல் அடங்குற ரகசியம் இதுதான், ஆபத்தும் இங்கேதான். இன்னொண்ணு, இது காற்றை விட ஒன்றரை மடங்கு கனம். கசிஞ்சா மேலே போகாது, தரையோட தரையாப் படுத்துக்கும். பேஸ்மென்ட், படிக்கட்டுக்கு அடியில, கார் டிக்கி, கூடாரத்தோட மூலைன்னு பள்ளம் பார்த்துத் தேங்கும். காற்றுல வெறும் 2 சதவீதம் கலந்தாலே ஒரு பொறி போதும்.

இப்போ நாற்றத்துக்கு வருவோம். சுத்தமான புரோப்பேனுக்கு வாசனையே கிடையாது, சமையலுக்கும் சூட்டுக்கும் எரிக்கிற இயற்கை எரிவாயுவுக்கும் அப்படித்தான். டெக்சஸ் மாநிலத்துல நியூ லண்டன்னு ஒரு ஊர், எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவுல. எண்ணெய்க் காசுல கட்டின பெரிய பள்ளிக்கூடம். ஆனா 1937 தொடக்கத்துல கேஸ் பில்லை மிச்சம் பிடிக்க, பக்கத்துல எண்ணெய் நிறுவனத்தோட குழாய்ல போன கழிவு வாயுவை இழுத்துக்கிட்டாங்க. அந்த வட்டாரத்துல பல வீடுகள்ல அப்படித்தான் செஞ்சாங்க. எண்ணெய் கம்பெனிகளும் கண்டுக்கலை. அந்த வாயு கசிஞ்சு பள்ளிக்கூடத் தரைக்கு அடியில சேர்ந்துகிட்டே இருந்துச்சு. யாருக்கும் தெரியலை, ஏன்னா வாசனை இல்லை. மார்ச் 18 அன்னைக்குச் சாயங்காலம் மூணேகால் மணி வாக்குல, மரவேலை வகுப்புல ஒரு மின் இயந்திரத்தோட சுவிட்சைப் போட்டாங்க. கட்டடமே தூக்கி எறியப்பட்டுச்சு. கிட்டத்தட்ட 300 பேர் செத்தாங்க, பெரும்பாலும் குழந்தைங்க. பள்ளி விட இன்னும் சில நிமிஷம்தான் இருந்துச்சு.

சில வாரத்துக்குள்ள டெக்சஸ்ல சட்டம் வந்துச்சு: கேஸ்ல நாத்தம் பிடிச்ச ஒரு பொருளைக் கலக்கணும். மெர்காப்டன் வகை, கந்தகச் சேர்மம். நூறு கோடியில சில பங்கு இருந்தாலே மனுஷ மூக்கு கண்டுபிடிச்சிடும். இன்னைக்கு நம்ம வீட்டு அடுப்புல இருந்து அமெரிக்கக் கேம்பிங் பாட்டில் வரைக்கும் வர்ற அந்த அழுகின வாடைக்கு இதுவே வழி. கசிவு தெரியணும்னே வேணும்னு கலக்குற நாத்தம் அது. ஆனா அதை மட்டும் நம்பி இருக்கவும் முடியாது. சிலிண்டர் உட்புறத்துல துரு இருந்தா அந்த வாசனைப் பொருளை அது தின்னுடும். குளிர்ல மூக்கடைப்பு இருக்குறவருக்கும், வயசானவருக்கும் தெரியாமப் போகலாம்.

சரி, மலைக்கு எப்படி வந்துச்சு? அதுக்கு முன்னாடி எல்லா மலையிலயும் மண்ணெண்ணெய்தான். 1892-ல் ஸ்வீடன்ல லிண்ட்க்விஸ்ட் செஞ்ச பிரைமஸ் பம்ப் ஸ்டவ், நம்ம பாட்டிகள் பம்ப் அடிச்சு ஏத்தினதோட அண்ணன். ஆமுண்ட்சென் தென் துருவத்துக்கு, எட்மண்ட் ஹிலாரி குழு 1953-ல் எவரெஸ்ட்டுக்கு எடுத்துப் போனதும் அதுதான். பிரான்ஸ்ல 1949-ல் தொடங்கின கேம்பிங்காஸ், பியூட்டேன் அடைச்ச நீல நிறக் குப்பிகளைப் பரவலாக்குச்சு. அதுல ஒரு வகைக்கு வால்வே இல்லை. அடுப்புல இருக்குற ஊசி தகரத்தைக் குத்தும், கேஸ் வரும். மலிவு, எளிமை. ஆனா பாதியில கழட்டினா மிச்சம் பூரா சீறிக்கிட்டு வெளியே வந்திடும். கூடாரத்துக்குள்ள, பக்கத்துல மெழுகுவர்த்தி எரியும்போது யாராவது கழட்டினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. இப்போ கழட்டினதும் தானா மூடிக்கிற திருகு வால்வு வந்தாச்சு. வாங்கினா அதைத்தான் வாங்கணும், ஊசி குத்துறதை விட்டுடுங்க.

பியூட்டேனுக்கு இன்னொரு தொல்லை. கிட்டத்தட்ட ஜீரோ டிகிரியிலேயே ஆவியாகிறதை நிறுத்திடும். லடாக்ல அதிகாலையில ஸ்டவ் எரியலைன்னு சொல்றவங்க குப்பியை நெருப்புல காட்டுவாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். ஐசோபியூட்டேன், புரோப்பேன் கலந்த குப்பியைக் கேட்டு வாங்குங்க. சுத்தமான புரோப்பேனை மெல்லிய குப்பியில அடைக்கவும் முடியாது: 20 டிகிரியில அதோட அழுத்தம் கார் டயர்ல இருக்குறதுக்கு மூணு மடங்கு, வெயில்ல சுட்டு 50 டிகிரி ஆச்சுன்னா ஏழு மடங்கு. அதனாலதான் அமெரிக்கப் பச்சைப் பாட்டில் கனமான இரும்பு.

நிரப்புறதுல இருக்குற விஷயம் இதோட சேர்ந்ததுதான். திரவம் சூடானா விரியும். அதுக்கு இடம் வேணும்னுதான் புரோப்பேன் சிலிண்டரை 80 சதவீதம் வரைக்கும்தான் நிரப்புவாங்க. முழுசா நிரப்பிட்டா வெயில்ல விரிய இடம் இல்லாம பாதுகாப்பு வால்வு திறந்து திரவமே பீச்சும். கிடைமட்டமாப் படுக்க வெச்சாலும் வால்வுக்குப் பக்கத்துல திரவம் வந்துடுது, அதான் நிமிர்த்தி வைக்கச் சொல்றது. அமெரிக்காவுல பார்பிக்யூ சிலிண்டர்கள்ல அளவு தாண்டாம தடுக்குற ஒரு மிதவை வால்வை 1998-ல் கட்டாயமாக்கினாங்க. 2002-க்கு அப்புறம் அது இல்லாத சிலிண்டரை நிரப்பவே மாட்டாங்க. ஆனா ஒரு பவுண்டு பாட்டில்ல அந்த மிதவை கிடையாது. ஒரு தடவைக்குன்னே செஞ்சது. நிரப்பிக் கொண்டுபோனா 5 வருஷம் ஜெயில், 5 லட்சம் டாலர் அபராதம்னு பாட்டில்லயே அச்சடிச்சிருக்கும். ஆனாலும் வீட்டுல நிரப்புற அடாப்டர் கடையில விக்குது!

நம்ம ஊர்ல கதை வேற பாதையில வந்தது. 1955-ல் பம்பாயில பர்மா ஷெல், 1965-ல் கல்கத்தாவுல இண்டேன். வீட்டுச் சிலிண்டர் 14.2 கிலோ, அதுக்கு முகவரிச் சான்று, காத்திருப்பு. மேன்ஷன்ல, ரூம்ல இருக்குற பேச்சிலருக்கு அது எட்டாது. அந்த இடைவெளியில வந்ததுதான் தலையிலயே பர்னர் உள்ள, பேர் இல்லாத குட்டிச் சிலிண்டர். அடுப்பு ரிப்பேர் கடையில பெரிய சிலிண்டரைக் கவுத்துப் போட்டு, ஒரு குழாய் மாட்டி, கைக்கணக்கா நிரப்பித் தருவாங்க. 80 சதவீதம் எங்கே, எடை எங்கே? உரிமம் இல்லாம இப்படி மாத்துறது சட்டப்படி குற்றம். ஆனாலும் வாரக்கடைசி ட்ரிப்புக்கு எத்தனை பேர் இதைத்தான் பைக்ல கட்டிக்கிட்டுப் போறாங்க!

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையம். லக்னோவுல இருந்து யாத்திரை வந்தவங்களோட தனிப் பெட்டி நின்னுகிட்டு இருந்துச்சு. உள்ளே விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டர்ல சமைச்சாங்க. 5 மணிக்கு மேல தீப்பிடிச்சு 9 பேர் இறந்தாங்க. ரயில்ல சிலிண்டர் கொண்டுபோனா 3 வருஷம் வரைக்கும் சிறைன்னு 1989 ரயில்வே சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்துச்சு. விமானத்துலயும் கேபின், செக்-இன் ரெண்டுலயும் கேம்பிங் குப்பி கூடாது. அடுப்பை மட்டும் சுத்தமாத் துடைச்சு எடுத்துப்போய், கேஸை மணாலி, லே மாதிரி போய்ச் சேர்ற ஊர்ல வாங்குறதுதான் வழி.

காருல போறவங்களுக்கு 5 கிலோ சிலிண்டர் இப்போ பெட்ரோல் பங்க்லயே கிடைக்குது. இந்தியன் ஆயில் 2020-ல் அதுக்கு ‘சோட்டு’ன்னு பேர் வெச்சுச்சு. அடையாள அட்டை ஒண்ணு போதும், முகவரிச் சான்று வேண்டாம். வாங்கும்போது மேல் வளையத்தைத் தாங்குற பட்டையில ‘பி-28’ மாதிரி எழுதியிருக்கும். ஏ, பி, சி, டி நாலும் வருஷத்தோட நாலு காலாண்டு. அப்போ 2028 ஏப்ரல் முதல் ஜூன் வரைக்குள்ள சோதிக்கணும்னு அர்த்தம். தேதி தாண்டினதை வாங்காதீங்க. மாட்டினதும் சோப்பு நுரை தடவிப் பாருங்க, தீக்குச்சியால சோதிக்காதீங்க. வீட்டுல இருந்தா பால்கனி நிழல், கட்டிலுக்கு அடியில வேண்டாம். கார்ல விட்டுட்டு வெயில்ல போகாதீங்க. மழை, குளிர்னு அடுப்பைக் கூடாரத்துக்குள்ள ஏத்தினா, தீ பிடிக்கலைன்னாலும் கார்பன் மோனாக்சைடு தூக்கத்துலயே கொன்னுடும். அதுக்கு வாசனை கலக்க யாரும் வழி கண்டுபிடிக்கலை.

காலிப் பாட்டில்தான் இப்போ பெரிய தலைவலி. உள்ளே மிச்சம் இருக்கான்னு பார்த்தாத் தெரியாது; குப்பையில போட்டா, நசுக்குற இயந்திரத்துல வெடிக்கலாம். தேசியப் பூங்காக்கள்ல அதைத் தனியாப் பொறுக்கி வைக்க வேண்டியிருக்கு. கலிஃபோர்னியா 2022-ல் ஒரு சட்டம் போட்டுச்சு: 2028 ஜனவரி 1-லிருந்து ஒரு தடவை மட்டும் பயன்படுத்துற புரோப்பேன் பாட்டில் விற்பனை அங்கே கிடையாது. அதே ஒரு பவுண்டு அளவுல, முறையா நிரப்பக்கூடிய பாட்டில்கள் இப்பவே கடைகளுக்கு வந்துட்டு இருக்கு.