கண்புரை ஆபரேஷனுக்குப் பின் விழித்திரை வீக்கம்: யாருக்கு வரும் என்று முன்பே அறிய முடியுமா?

கண்புரை அறுவை சிகிச்சை இன்று அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. மறுநாளே பார்வை தெளிவாகிவிட்டது என்று வீட்டுப் பெரியவர்கள் மகிழ்கிறார்கள். ஆனால் சிலருக்கு நன்றாகத் தெரிந்த பார்வை ஒரு மாதம் கழித்து மீண்டும் மங்குகிறது. 'ஆபரேஷன் சரியில்லை' என்றோ 'வயசாகிவிட்டது' என்றோ நினைத்து அப்படியே இருந்துவிடுபவர்கள் உண்டு. இதற்கு விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோர்ப்பது காரணமாக இருக்கலாம். உரிய நேரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணமாகக் கூடியது. நீண்ட நாள் கவனிக்காமல் விட்டால் பார்வையில் நிரந்தரக் குறை ஏற்படலாம்.

ஏன் வீங்குகிறது?

விழித்திரையின் மையத்தில் உள்ள சிறு பகுதிக்கு மாகுலா என்று பெயர். எழுத்தை வாசிப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும், ஊசியில் நூல் கோர்ப்பதும் இதன் உதவியால்தான். அறுவை சிகிச்சையின்போது கண்ணுக்குள் சுரக்கும் அழற்சிப் பொருட்கள் அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கசிய வைக்கின்றன. கசிந்த நீர் மாகுலாவில் சிறு சிறு பைகளாகத் தேங்குகிறது. 1953ல் இர்வின் என்ற அமெரிக்க மருத்துவர் இந்தப் பாதிப்பை விவரித்தார். 1966ல் டொனால்டு காஸ், சாயம் செலுத்தி எடுக்கும் படங்கள் மூலம் கசிவை விளக்கினார். அதனால் இதற்கு 'இர்வின்-காஸ்' பாதிப்பு என்ற பெயர் நிலைத்தது.

யாருக்கு வாய்ப்பு அதிகம்?

பிரிட்டனில் சுமார் 80 ஆயிரம் கண்களின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2016ல் வெளியானது. சர்க்கரை நோய் இல்லாத, அறுவை சிகிச்சையில் சிக்கலும் ஏற்படாத நோயாளிகளில் 100 பேரில் ஒருவருக்குத்தான் இந்த வீக்கம் வந்தது. சர்க்கரை நோயாளிகளில் 100க்கு 4 பேருக்கு வந்தது. சர்க்கரையால் விழித்திரை எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டிருந்ததோ, அந்த அளவுக்கு வாய்ப்பும் கூடியது.

மாகுலாவின் மேல் மெல்லிய சவ்வு படர்ந்திருந்தால் வாய்ப்பு 5 மடங்குக்கு மேல். விழித்திரை ரத்தக் குழாய் முன்பு அடைபட்டிருந்தால் 4 மடங்குக்கு மேல். கண்ணுக்குள் அழற்சி நோய் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ 3 மடங்கு. ஆபரேஷனின்போது லென்ஸைத் தாங்கும் பின்புறப் பை கிழிந்தால் 2 மடங்குக்கு மேல்.

எனவே, இன்னாருக்குக் கட்டாயம் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று முன்பே சொல்ல முடியும். ஓ.சி.டி. ஸ்கேன் இதற்குப் பெரிதும் உதவுகிறது. ஊசி, வலி எதுவும் இல்லாமல் சில நிமிடங்களில் மாகுலாவின் தடிமனையும், அதன் மேல் படர்ந்த சவ்வையும் காட்டிவிடும்.

ஆபரேஷனுக்கு முன்

சர்க்கரை எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது, முன்பு கண்ணில் லேசரோ ஊசியோ போட்டதுண்டா, கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து விடுகிறார்களா என்பதையெல்லாம் மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளி என்றால் விழித்திரைப் பரிசோதனையும் ஸ்கேனும் தேவையா என்று கேளுங்கள். ஸ்டீராய்டு சொட்டு மருந்துடன் புரோம்ஃபெனாக் போன்ற அழற்சி குறைக்கும் மருந்தையும் சேர்த்து விட்டவர்களுக்கு வீக்கம் குறைவாக வந்ததை 2018ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது. எது வேண்டும், எத்தனை நாள் என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பின்

வீக்கம் பெரும்பாலும் 4 முதல் 12 வாரங்களுக்குள் தலைகாட்டும். 'நன்றாகத் தெரிகிறதே' என்று மறுபரிசோதனையைத் தவிர்ப்பது சரியல்ல. வாரம் ஒரு முறை ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண். கம்பி வளைந்து தெரிந்தாலோ, குர்ஆன் ஓதும்போது எழுத்துகளின் நடுவில் மங்கினாலோ தாமதிக்க வேண்டாம். வலி, சிவப்பு, திடீர்ப் பார்வைக் குறைவு இருந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

ரமலானில் நோன்புக்காகச் சொட்டு மருந்தை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. கண்ணில் விடும் மருந்து நோன்பை முறிக்காது என்பதே ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின் நிலைப்பாடு. ஒளூவின்போது கண்ணுக்குள் தண்ணீர் படாமலும், ஸஜ்தாவில் குனிவது குறித்தும் எத்தனை நாள் கவனமாக இருக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே செல்வது?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதி மக்களுக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பலில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. 1819ல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கும் செல்லலாம். முகாமில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் டிஸ்சார்ஜ் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். உங்கள் வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ ஆபரேஷன் முடிந்திருந்தால், அந்தத் தேதியிலிருந்து ஆறாவது வாரத்தைக் காலண்டரில் குறித்து வைத்து, அவர்களின் பார்வையை நீங்களே ஒரு முறை விசாரியுங்கள்.