பிராக் பவர்ஸின் கல்லூரி ஆட்டக்காலம்

பிராக் பவர்ஸ் (பிறப்பு: டிசம்பர் 13, 2002) ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் புல்டாக்ஸ் அணியில் 2021 முதல் 2023 வரை டைட் எண்ட் இடத்தில் ஆடிய அமெரிக்கக் கால்பந்து வீரர். தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்கும் டைட் எண்ட், பந்தோடு ஓடும் சக வீரருக்காக எதிரணியினரை மோதித் தடுப்பார். அடுத்த நகர்வில் அதே இடத்திலிருந்து பாய்ந்து சென்று குவார்ட்டர்பேக் எறியும் பந்தைப் பிடிப்பார். கலிபோர்னியாவின் நாப்பாவிலிருந்து வந்த பவர்ஸ், முதல் பருவத்திலேயே 56 பந்துகளைப் பிடித்து 882 கெஜமும் 13 டச்டவுன்களும் எடுத்தார். அந்த டச்டவுன் எண்ணிக்கை ஜார்ஜியாவின் ஒரு பருவச் சாதனை. 2022 ஜனவரியில் அலபாமாவுடனான இறுதி ஆட்டத்தில் கடைசி நான்கு நிமிடங்களுக்குள் அவர் பிடித்த 15 கெஜ டச்டவுன் முன்னிலையை 26-18 ஆக்கியது. 33-18 என்று வென்ற ஜார்ஜியா, 1980க்குப் பிறகு முதல்முறையாக தேசியப் பட்டம் பெற்றது. மறு பருவத்தில் 63 பிடிப்புகள், 942 கெஜம், இன்னொரு பட்டம்.

பட்டங்களை வைத்துப் பார்ப்பவர்கள் இந்த இரண்டு பருவங்களையே அவருடைய உச்சம் என்பார்கள். 2023இல் 714 கெஜம், 6 டச்டவுன் மட்டுமே; பட்டமும் இல்லை. ஆனால் அவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்பதை நிறுவுவது அந்த மூன்றாம் பருவம்தான். முதல் இரண்டு பருவங்களிலும் 15 ஆட்டங்கள். 2023இல் பத்தே ஆட்டங்கள். ஆட்டத்துக்குச் சராசரி 58.8 கெஜம், பிறகு 62.8, கடைசியில் 71.4. அதுவும், பெரும் தடுப்பாட்டக்காரரான டார்னெல் வாஷிங்டன் அணியை விட்டுப் போன பின்பு. எதிரணிகளின் கவனம் வாஷிங்டன் பக்கம் திரும்பியதால்தான் பவர்ஸுக்கு வெளி கிடைத்தது என்ற வாதத்தை இந்தச் சராசரி பெருமளவு தளர்த்திவிடுகிறது. ஆபர்னுக்கு எதிராக 20-20 என்று நின்ற ஆட்டத்தை, மூன்று நிமிடங்கள்கூட மீதமில்லாதபோது அவருடைய 40 கெஜ டச்டவுன்தான் வென்று கொடுத்தது. அன்று அவர் எடுத்தது 157 கெஜம்.

அக்டோபர் 14 அன்று வாண்டர்பில்ட்டுடன் ஆடும்போது கணுக்காலில் காயம்பட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். நான்கே வாரங்களில் களத்துக்குத் திரும்பினார். ஆனால் அவர் இல்லாமலே ஜார்ஜியா புளோரிடாவை 43-20 என்றும் மிசௌரியை 30-21 என்றும் வென்றது. அவர் ஆடிய தென்கிழக்குக் கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில் அலபாமாவிடம் 27-24 என்று தோற்றது. இது வலுவான ஆட்சேபம். பயிற்சியாளர் கிர்பி ஸ்மார்ட் கட்டிய அணி ஒருவரை நம்பி நிற்கவில்லை என்பதும் உண்மை. ஆனால் அணியின் ஆழம் அணிக்குச் சேரும் பெருமை. பவர்ஸின் திறனை அது குறைத்துக் காட்டாது. சிறந்த டைட் எண்டுக்கான ஜான் மேக்கி விருது 2022இலும் 2023இலும் அவருக்கே கிடைத்தது. அதை இருமுறை வென்ற முதல் வீரர் அவர்.

வலுவான அணிதான் அவரை உயர்த்தியதா என்ற கேள்விக்கு விடை கல்லூரிக்கு வெளியே கிடைத்தது. தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் 2024 வீரர் தேர்வில் 13ஆம் இடத்தில் அவரை எடுத்த லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ் அந்தப் பருவத்தில் 17 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்றது. அந்த நலிந்த அணியில் பவர்ஸ் 112 பந்துகளைப் பிடித்தார். என்எஃப்எல்லில் அறிமுகப் பருவத்தில் அதற்குமுன் எந்த வீரரும் அத்தனை பிடித்ததில்லை.