ஐந்தாவது கொலையாளி

2016இல் குமாரபாளையத்தில் எங்கள் தெருப் பெண்களை ஒரு கேள்வி பிடித்து ஆட்டியது: ஐந்தாவது ஆள் யார்? தார் சுற்றும் இடத்தில், குழாயடியில், ரேஷன் கடை வரிசையில், எங்கு நான்கு பேர் கூடினாலும் பேச்சு அங்கேதான் போய் நின்றது. பாலிமர் சேனலில் தமிழில் ஓடிக்கொண்டிருந்த ‘நாகினி’தான் காரணம்.

கதை எளியது. நாகமாணிக்கத்துக்காக ஐந்து பேர் சேர்ந்து ஒரு நாகப் பெண்ணின் பெற்றோரைக் கொல்கிறார்கள். மகள் சிவன்யா பழிவாங்குவதற்காக அந்தக் குடும்பத்துக்கே மருமகளாகப் போகிறாள். போன இடத்தில் கணவன் ரித்திக்கின் மேல் காதலும் வந்துவிடுகிறது. ஏக்தா கபூரின் பாலாஜி நிறுவனம் தயாரித்த இந்தத் தொடர் இந்தியில் 2015 நவம்பர் 1 அன்று தொடங்கியது. சிவன்யாவாக மௌனி ராய், தோழி சேஷாவாக அதா கான், மாமியார் யாமினியாக சுதா சந்திரன்.

இந்த இந்திக் கதை தறிக்குடிக்கு வந்து சேர்ந்த வழியையும் சொல்ல வேண்டும். 2006இல் தி.மு.க. அரசு தொடங்கிய திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் வீடுகளுக்குப் போயின. 2011இல் அ.தி.மு.க. அரசு, அரசு கேபிள் இணைப்பை மாதம் 70 ரூபாய்க்குக் கொடுத்தது. சேலத்தில் உள்ளூர் கேபிள் சேனலாகத் தொடங்கிய பாலிமர், செயற்கைக்கோள் சேனலாக வளர்ந்தபோது ‘மூன்று முடிச்சு’, ‘உள்ளம் கொள்ளை போகுதடா’ என்று இந்தித் தொடர்களைத் தமிழ்க் குரலில் கொண்டுவந்தது. அதற்கு முன்பு டி.வி. இருந்த வீட்டுத் திண்ணையில் ஒண்டி உட்கார்ந்து பார்த்தவர்கள், இப்போது அவரவர் வீட்டில் பார்த்தார்கள். மறுநாள் கூடிப் பேசினார்கள். லாரியிலும் போர்வெல் வண்டியிலும் ஆண்கள் மாதக்கணக்கில் வெளியூர் போய்விடும் நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்து வீடுகளில் அந்தப் பேச்சுக்குக் குறுக்கே வர ஆளும் குறைவு.

அமானுஷ்யக் கதை இந்தச் சமவெளிக்குப் புதிதல்ல. சிரித்து மயக்கிக் கொல்வதாகச் சொல்லப்படும் கொல்லிப்பாவை, சங்கப் பாடல்களிலேயே இருக்கிறாள். கொல்லிமலையில் இன்று எட்டுக்கை அம்மனாக அவளைக் கும்பிடுகிறோம். ஸ்ரீபிரியா தானே தயாரித்து, பாம்புப் பெண்ணாக நடித்த ‘நீயா?’ 1979இலேயே வந்துவிட்டது. தொலைக்காட்சியில் இந்த வகைக்கு அடித்தளம் போட்ட ‘மர்மதேசம்’ தொடரை எழுதிய இந்திரா சௌந்தர்ராஜன் சேலத்தில் பிறந்தவர். நாகா இயக்கிய அதன் ‘விடாது கருப்பு’ பகுதியைத் தொண்ணூறுகளில் ஆண், பெண் எல்லாருமே பார்த்தார்கள். கொலை செய்வது கருப்பா, மனிதனா என்று டீக்கடையில்கூட வாதம் நடந்தது. சேத்தனும் தேவதர்ஷினியும் அதில் நடித்தவர்கள், பிறகு நிஜத்திலும் மணந்துகொண்டவர்கள் என்பது இன்றும் பலருக்கு நினைவிருக்கும்.

அந்த வாதத்துக்கு இன்று ஒரு மரியாதை இருக்கிறது. அது ‘பொற்காலத்து நினைவு’. நாகினிப் பேச்சுக்குக் கிடைத்த பெயரோ ‘சீரியல் பைத்தியம்’. ஒரு காரணம் புரிகிறது. ‘விடாது கருப்பு’ கடைசியில் பிளவுண்ட மனம் என்ற விளக்கத்துக்கு வந்து சேர்ந்தது. அறிவுக்கு இடம் கொடுத்தது. ‘நாகினி’ அந்தச் சிரமமே எடுத்துக்கொள்ளவில்லை. பாம்பு பாம்புதான். ஆனால் பார்ப்பவர்கள் அறிவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள் என்று இதற்குப் பொருளில்லை. வரைகலைப் பாம்பைப் பார்த்து எங்கள் தெருவில் சிரிக்காதவர்களே கிடையாது. அவர்கள் பேசியது பாம்பைப் பற்றியல்ல, வீட்டைப் பற்றி.

ஐந்தாவது ஆள் மாமியார் யாமினிதான் என்று தெரிந்த மறுநாள் நடந்த பேச்சு எனக்கு மறக்காது. இளையவர்கள் பலர், நாங்கள் அப்போதே சொன்னோமே என்றார்கள். மாமியாரானவர்கள் சிலருக்குக் கோபம். எதற்கெடுத்தாலும் கிழவிதானா என்றார்கள். ஒருவர் சுதா சந்திரனுக்காகப் பரிந்து பேசினார். 1981இல் திருச்சிப் பக்கம் நடந்த விபத்துக்குப் பிறகு காலை இழந்து, ஜெய்ப்பூர் செயற்கைக் காலோடு மறுபடி மேடையேறி ஆடி, தன் கதையான ‘மயூரி’யில் தானே நடித்தவரை இப்படி வில்லியாக்கிவிட்டார்களே என்பது அவர் வருத்தம். இன்னொரு அக்கா, பாவு பிணைத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்: மாணிக்கம் கிடைத்திருந்தால் அது யார் பேரில் இருந்திருக்கும்?

அந்தக் கேள்வி என்னை வேறொரு கணக்குக்குக் கொண்டுபோனது. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நாமக்கல் பிரியாத அன்றைய சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகளே இருந்தார்கள். அடுத்த ஆண்டு தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில்தான் தொடங்கியது. பெண் சிசுக்கொலை பற்றி வந்த செய்திகளிலும் படங்களிலும் திரும்பத் திரும்ப வந்த உருவம் ஒன்று உண்டு: கையில் எருக்கம்பாலோடு நிற்கும் மாமியார்க் கிழவி. அந்தக் கை பொய்யல்ல. ஆனால் அந்தக் கைக்குப் பின்னால் வரதட்சணை இருந்தது, மகனுக்கு மட்டும் போகும் நிலம் இருந்தது, இன்னொரு பெண்ணா என்று கேட்டுவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்ட ஆண்கள் இருந்தார்கள். அவர்கள் அந்தப் படத்துக்குள் வரவில்லை. பிறகு அந்த வேலையை ஸ்கேன் அறைகள் எடுத்துக்கொண்டபோதும் பழி கிழவியின் மேல்தான் நின்றது.

‘நாகினி’ செய்ததும் அதைத்தான். ஐந்து கொலையாளிகளில் நான்கு பேர் ஆண்கள். அவர்கள் முன்பே தெரிந்தவர்கள், அதனால் அதிர்ச்சி இல்லை. இசை அதிர, கேமரா மூன்று முறை முகத்தருகே போய் வந்தது யாமினிக்கு மட்டும்தான். வீட்டின் பேராசை முழுவதும் ஒரு பெண்முகத்தில் வந்து உட்கார்ந்ததும் கதைக்குத் தீர்வு கிடைத்துவிட்டது. இரண்டாம் பாகத்தில் சேஷாவும் எதிரியாகிறாள். உடன்பிறந்தவள்போல் இருந்தவளை ஆசைப்பட்ட ஆணுக்காக மாற்றிவிடுவது கதைக்காரர்களுக்கு எளிது. எங்கள் தெரு அதை மன்னிக்கவே இல்லை. சேஷாவைக் கெடுத்துவிட்டார்கள் என்று வாரக்கணக்கில் புலம்பியது. ஆளைக் குறை சொல்லவில்லை, எழுதியவரைக் குறை சொன்னது. விமர்சனம் என்பது இதற்கு மேல் வேறென்ன?

ஆனால் அதே இரண்டாம் பாகத்தில் இன்னொன்றும் நடந்தது. சிவன்யா கொல்லப்படுகிறாள். பழிவாங்கும் கடமை மகள் சிவாங்கிக்கு வருகிறது. இரண்டு வேடத்திலும் மௌனி ராய். அம்மாவின் முகத்தோடு மகள் எழுந்து வருகிறாள். கொள்ளி வைக்கவும் பேர் சொல்லவும் மகன் வேண்டும் என்று கேட்டே வளர்ந்த ஊரில், அம்மாவின் கணக்கை மகள் தீர்க்கும் கதையைத் தினமும் பார்த்தோம். மூன்று பெண் பெற்றதற்காக வாழ்நாள் முழுக்கப் பேச்சு வாங்கிய என் அம்மாயி அந்தத் தொடரை ஒருநாளும் தவறவிடவில்லை. பாம்பு அவருக்குப் பிடிக்காது. பாம்பு வரும் இடத்தில் கண்ணை மூடிக்கொள்வார். மகள் வந்ததும் திறந்துகொள்வார்.

நம் வரலாற்றில் இந்தப் பேச்சுக்கு ஆவணம் கிடையாது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற புள்ளி விளம்பரக்காரர்களிடம் இருக்கும். பார்த்தவர்கள் என்ன கேட்டார்கள் என்பது தறிச் சத்தத்தோடு போய்விட்டது. அதனால்தான் அந்த அக்காவின் கேள்வியை இங்கே எழுதி வைக்கிறேன். ஐந்தாவது ஆள் யார் என்று கதை சொல்லிவிட்டது. மாணிக்கம் யார் பேரில் என்பதை அது கடைசிவரை சொல்லவே இல்லை.