சிகாகோவின் ஃபாதர் கஸ்

அமெரிக்காவில் பாதிரியார்களின் ஊர் எது என்று கேட்டால் சிகாகோ என்றுதான் சொல்வேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கே ஐரிஷ்காரர்களுக்கு ஒரு கோவில், கொஞ்சம் தள்ளி போலந்துக்காரர்களுக்கு இன்னொன்று, ஜெர்மானியர்களுக்கு வேறொன்று. அவரவர் மொழியில் பிரசங்கம், அவரவர் ஊர்க்காரச் சாமியார். கப்பலில் வந்து இறங்கியவனுக்கு அந்நிய ஊரில் முதல் பிடிமானமே பங்குத்தந்தைதான். இந்த ஏற்பாட்டில் கறுப்பினக் கத்தோலிக்கருக்கு மட்டும் 'நம்ம சாமியார்' என்று சொல்லிக்கொள்ள ஆளே கிடையாது.

அதற்காக, கறுப்பின ரத்தம் உள்ளவர்கள் குருவானதே இல்லை என்று அர்த்தமில்லை. அடிமைத் தாய்க்குப் பிறந்த ஜேம்ஸ் ஹீலி 1854இல் குருவானார். 1875இல் மெய்ன் மாநிலத்தின் போர்ட்லாண்டுக்கு ஆயராகவே ஆனார். வெளுத்த தோல், ஐரிஷ் அப்பா. ஊர் அவரை ஐரிஷ்காரராகவே பார்த்தது. மேலே போவதற்கு அப்படி ஒரு வழி இருந்தது. தோல் உதவினால்!

ஹீலி குருவான அதே 1854இல் மிசௌரியில் அடிமையாகப் பிறந்தவர் அகஸ்டஸ் டோல்டன். அவருக்கு அந்த வழி இல்லை. அவர் குடும்பத்தை உடைமையாக வைத்திருந்தவர்களும் கத்தோலிக்கர்கள்தான். ஞானஸ்நானம் உண்டு, விடுதலை கிடையாது. 1862இல் அம்மா மார்த்தா, மூன்று பிள்ளைகளோடு மிசிசிப்பி ஆற்றைக் கடந்து இல்லினாயின் குயின்சி நகருக்குத் தப்பி வந்தார். பையன் புகையிலை ஆலையில் வேலைக்குப் போனான். பீட்டர் மெக்கர் என்ற ஐரிஷ் பாதிரியார்தான், வெள்ளைக்காரப் பெற்றோர்களின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அவனைத் தன் பங்குப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்.

குருமடம் என்றபோது அமெரிக்காவில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. கடைசியில் 1880இல் ரோமாபுரிக்குப் போனார். படித்து முடித்தால் ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்திருந்தார். 1886 ஏப்ரலில் குருப்பட்டம் பெற்றதும் வந்த உத்தரவோ, அமெரிக்காவுக்கே திரும்பிப் போ என்பது. எந்த நாடு வேண்டாம் என்றதோ, அதே நாட்டுக்கு.

குயின்சியில் அவருடைய பூசைக்கு வெள்ளையர்களும் வந்தார்கள். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. கறுப்பர்களை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்று பக்கத்துப் பங்கின் பாதிரியார் நெருக்கினார். 1889இல் டோல்டன் சிகாகோவுக்கு மாறினார். கோவிலின் அடித்தளத்தில் கூடிக்கொண்டிருந்த சிறு கூட்டத்தை வைத்துக்கொண்டு புனித மோனிக்கா பங்கை உருவாக்கினார். கேத்தரின் டிரெக்சல் போன்றவர்கள் பணம் கொடுத்தும், கட்டடம் முழுமையாகவில்லை. தெற்குச் சிகாகோவின் ஏழைக் குடியிருப்புகளில் வீடு வீடாக ஏறி இறங்கியவரை 'ஃபாதர் கஸ்' என்றார்கள். 1897 ஜூலையில், கடும் வெயிலில் தெருவிலேயே சரிந்தார். மெர்சி மருத்துவமனையில் இறந்தார். வயது 43.

அவர் போன பிறகு நகரம் திருந்திவிட்டதா? 1917இல் பேராயர் மண்டலைன் புனித மோனிக்காவைக் கறுப்பர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கினார். 'உங்களுக்கென்று ஒரு கோவில்' என்ற அதே ஏற்பாடுதான். ஆனால் போலந்துக்காரர் தாமாக விரும்பித் தேடியது, இங்கே மேலிருந்து வந்து சுவராக நின்றது. வித்தியாசம் அவ்வளவுதான், அது சின்ன வித்தியாசமும் இல்லை.

2019இல் திருச்சபை டோல்டனை 'வணக்கத்திற்குரியவர்' என்று அறிவித்தது. 2025 மே மாதம் போப்பான பதினான்காம் லியோ பிறந்தது சிகாகோவில், அதே மெர்சி மருத்துவமனையில். அவருடைய அம்மா வழித் தாத்தா, நியூ ஆர்லியன்ஸில் எடுத்த 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கறுப்பர். சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தபின், 1920 கணக்கெடுப்பில் வெள்ளையர். ஆள் அதே ஆள்தான்.

பேரன் போப்பானதைக் கொண்டாடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அந்த இருபது வருடத்தில் ஒரு குடும்பம் எதையெல்லாம் பேசாமல் விட்டிருக்கும் என்று யோசிக்கிறேன். பேசாமல் விடுவதற்குக்கூட வழியில்லாத ஒருவர், தன் முகத்தோடேயே பீடத்தில் ஏறி நின்றார். டோல்டனை முதல்வர் என்று நான் சொல்வது அந்தக் கணக்கில்தான்.