கூண்டுக் கிளியின் செலவுக் கணக்கு

வீட்டில் ஒரு கிளி வளர்க்க என்ன செலவாகும் என்பது மிகச் சிறிய வினாவாகத் தோன்றும். பறவையின் விலை, கூண்டின் விலை, மாதத் தீனியின் விலை ஆகிய மூன்றையும் கூட்டினால் விடை கிடைத்துவிடும் என்றே பலரும் எண்ணுவர். ஆயினும், இந்நாட்டில் கிளி வளர்த்த வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால், அந்தக் கூட்டல் நெடுங்காலம் குறையாகவே இருந்து வந்தது என்பது விளங்கும். செலவில் ஒரு பகுதியைத்தான் வளர்த்தவர் செலுத்தினார். மிகுதியைக் காடும் கிளியுமே செலுத்தி வந்தன. அக்கணக்கு எவ்வாறு மாறியது என்பதையும், இன்று ஒரு சிறு கிளியை வளர்க்க விரும்பும் குடும்பம் எவற்றையெல்லாம் ஏட்டில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதையும் ஈண்டுக் காண்போம்.

பழந்தமிழ் நூல்கள் கிளியை இரு வேறு இடங்களில் நமக்குக் காட்டுகின்றன. ஓரிடம் தினைப்புனம். கதிர் முற்றும் காலத்தில் குறிஞ்சி நிலத்து மகளிர் பரண்மீது அமர்ந்து, தழல், தட்டை, குளிர் முதலிய கருவிகளை ஒலித்துக் கிளிகளை ஓட்டினர். அங்கே கிளி விளைச்சலைக் கவரும் பகை. மற்றோர் இடம் இல்லம். பிரிந்து சென்ற தலைவன் இன்று வருவானா என்று, முன்கையில் ஏந்திய கிளியிடம் பிறர் கேளாவண்ணம் மெல்லக் கேட்கும் தலைவியை அகநானூறு காட்டுகின்றது. அங்கே கிளி தனிமைக்குத் துணை. புனத்தில் விரட்டப்பட்ட பறவையே இல்லத்தில் கொஞ்சப்பட்டது. கிளியினால் விளைந்த இழப்பை மலைநாட்டு உழவர் ஏற்றனர். அதனால் கிடைத்த இன்பத்தை மாளிகையில் இருந்தோர் துய்த்தனர்.

வடபுலத்து நூல்களிலும் கிளிக்குத் தனி இடம் உண்டு. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் அரண்மனைப் பாதுகாப்பைப் பற்றிக் கூறுமிடத்தில், கிளியும் நாகணவாய்ப் பறவையும் பாம்பின் நஞ்சை ஐயுற்றால் கூச்சலிடும் என்று கூறி, அவற்றை வளர்க்கச் சொல்கின்றது. வாத்சியாயனரின் காமசூத்திரமோ, கிளிக்கும் நாகணவாய்க்கும் பேசக் கற்பித்தலை அறுபத்துநான்கு கலைகளுள் ஒன்றாக எண்ணுகின்றது. ஆக, ஓரிடத்தில் காவல் கருதியும் பிறிதோரிடத்தில் கலை கருதியும் கிளி வளர்க்கப்பட்டது. இரண்டும் ஏவலர் பலரும் ஓய்வு மிகவும் உடையோர்க்கே இயல்வன.

கிளியைப் பற்றி அரசு பிறப்பித்த மிகப் பழைய ஆணைகளுள் ஒன்று, தில்லியில் வாழும் தமிழர் கண்முன்னேயே நிற்கின்றது. அசோக மன்னர் தாம் முடிசூடி 26 ஆண்டுகள் ஆன காலத்தில், கொல்லத் தகாத உயிர்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அப்பட்டியல் கிளியில் தொடங்குகின்றது. அடுத்து நிற்பது நாகணவாய். இவ்வாணை பொறித்த தூண்களுள் ஒன்று இன்றைய ஹரியானாவில் உள்ள தோப்ராவில் இருந்தது. 14ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் அதனைத் தில்லிக்குக் கொணர்ந்து தம் கோட்டையில் நிறுத்தினார். இடைக்காலத்தில் எவராலும் படிக்க இயலாதிருந்த அவ்வெழுத்துக்களின் பொருளை 1837இல் ஜேம்ஸ் பிரின்செப் கண்டு வெளிப்படுத்தினார். பிரோஸ் ஷா கோட்லாவுக்குச் செல்வோர் இன்றும் அத்தூணைக் காணலாம். இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அரசு கிளியின் உயிருக்குப் பொறுப்பேற்க முன்வந்தது என்பது சிறு செய்தியன்று.

நம் நாட்டுக் கிளியின் புகழ் கடல் கடந்தும் பரவிற்று. கி.மு. 400ஆம் ஆண்டையொட்டி, பாரசீக அரசவையில் மருத்துவராக இருந்த தேசியாஸ் என்னும் கிரேக்கர், இந்தியப் பறவை ஒன்று மனிதரைப் போல் இந்திய மொழி பேசும் என்றும், கற்பித்தால் கிரேக்கமும் பேசும் என்றும் வியந்து எழுதினார். பின்னாளில் படையெடுத்து வந்த அலெக்சாந்தரின் பெயரை, நம் நாட்டுப் பெரிய கிளியினம் ஒன்று ஆங்கிலத்தில் இன்றும் தாங்கி நிற்கின்றது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி, இந்தியாவிலிருந்து வரும் இப்பறவையைப் பச்சை உடலும் கழுத்தில் சிவந்த வளையமும் உடையது என்று வருணித்துவிட்டு, அதற்குப் பேச்சுக் கற்பிக்கும் முறையையும் கூறுகின்றார். அதன் தலை அலகைப் போலவே கடினமானதாம்; ஆகவே இரும்புக் கோலால் தலையில் அடித்துக் கற்பிப்பார்களாம். வளர்ப்போர் வியப்புக்குப் பறவை கொடுத்த விலையை இதனினும் தெளிவாகக் கூறும் சான்று வேண்டுவதில்லை.

இடைக்காலத்தில் கிளி கதைசொல்லியாயிற்று. சுகசப்ததி என்னும் வடமொழி நூலில், வணிகன் வெளியூர் சென்றபின் அவன் மனைவியை வழிதவறாமல் காக்க, இரவுக்கொரு கதையாக எழுபது கதைகளைக் கிளி சொல்கின்றது. நக்ஷபி என்பவர் 14ஆம் நூற்றாண்டில் இக்கதை மரபைப் பாரசீக மொழியில் தூதிநாமா என்று ஆக்கினார். அக்பர் அரசவை ஓவியர்கள் அந்நூலுக்கு வண்ணப் படங்கள் தீட்டினர். பிழைப்புக்காகத் தலைவன் பிறநாடு செல்ல, வீட்டில் பேச்சுக்குத் துணையாகக் கிளி இருத்தல் என்பதே இக்கதைகளின் அடித்தளம். ஊரைவிட்டு நெடுந்தொலைவு வந்து, அடுக்ககத்து இரு அறைகளில் வாழும் குடும்பங்களுக்கு இதன் பொருள் விளங்காமல் போகாது. பகலெல்லாம் தனித்திருக்கும் முதியவர்க்கும், ஓடியாட முற்றமில்லாத குழந்தைகளுக்கும் ஒரு சிறு பறவை பெருந்துணை. அத்துணையை நாடுவதில் தவறில்லை. அதற்குரிய விலையை யார் கொடுப்பது என்பதே வினா.

கோயில்களிலும் கிளி இடம் பெற்றது. மதுரை மீனாட்சியின் திருக்கரத்தில் கிளி உண்டு. அக்கோயிலின் கிளிக்கூட்டு மண்டபம் பண்டு அங்கே கிளிகள் வளர்க்கப்பட்டதனால் பெற்ற பெயரை இன்றும் தாங்குகின்றது. இவ்வாறு அரண்மனை, கோயில், மாளிகை என்று தொடங்கிய வழக்கம், காலப்போக்கில் கடைத்தெருவுக்கு வந்தது. மரப்பொந்துகளிலிருந்து இறகு முளைக்காத குஞ்சுகளை எடுத்தனர். வளர்ந்த பறவைகளை வலையிலும் பசையிலும் பிடித்தனர். நெருக்கமான கூடைகளில் அடைத்து நகரங்களுக்கு அனுப்பினர். வழியில் பல மாண்டன. மிஞ்சியவற்றின் விலை மலிவாகவே இருந்தது. மாண்டவற்றின் விலை எவர் கணக்கிலும் ஏறாததே அம்மலிவுக்குக் காரணம்.

இக்கணக்கைத் திருத்தியது சட்டம். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், ஓர் உயிர் அசைந்து இயங்கப் போதிய உயரமும் நீளமும் அகலமும் இல்லாத கூண்டில் அதனை அடைப்பதைக் குற்றமாக்கிற்று. 1972இல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1990-91இல் இந்தியக் காட்டுப் பறவைகளின் வணிகம் தடை செய்யப்பட்டது. இதன்படி நம் பச்சைக்கிளியைப் பிடித்தலும், விற்றலும், வாங்கலும், கூண்டில் அடைத்து வைத்தலும் குற்றமாகும். கடைக்காரர் எத்துணை உறுதி கூறினும் இது மாறாது. பழக்கத்தால் ஏற்கெனவே ஒரு பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்போர், அதனைச் சாளரத்தின் வழியே பறக்கவிட்டுக் கடமை முடிந்ததென்று எண்ணுதலும் கூடாது. நெடுநாள் அடைபட்ட பறவைக்கு இரை தேடவும் பருந்துக்குத் தப்பவும் தெரியாது. மாநில வனத்துறையிடம் ஒப்படைத்தலே முறை.

அவ்வாறாயின் வீட்டில் வளர்க்கத் தக்க கிளி யாது? கடைத்தெருவில் பலரும் 'லவ் பேர்ட்ஸ்' என்று அழைக்கும் பட்ஜெரிகர் என்னும் சிறு கிளி அவற்றுள் ஒன்று. இதன் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. 1840இல் ஜான் கூல்டு என்னும் பறவையியல் அறிஞர் இதனை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அதன்பின் இவ்வினம் கூண்டிலேயே பிறந்து, தலைமுறை தலைமுறையாகப் பெருகிற்று. இதனை வாங்குவதனால் நம் காட்டு மரப்பொந்து எதுவும் வெறுமையாவதில்லை. 2022ஆம் ஆண்டின் சட்டத் திருத்தமும், அதனையொட்டி 2024இல் வந்த விதிகளும், பன்னாட்டு உடன்பாட்டுப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு விலங்கினங்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று கூறுகின்றன. பட்ஜெரிகரும், காக்கட்டீல் என்னும் கொண்டைக் கிளியும் அப்பட்டியலில் இல்லை; பெரிய அயல்நாட்டுக் கிளிகள் பெரும்பாலும் உண்டு. வாங்குமுன் இதனைத் தெரிந்துகொள்ளுதல் நன்று.

இனி, செலவுத் திட்டத்துக்கு வருவோம். முதற்செலவில் பறவையின் விலையே சிறியது. கூண்டின் விலை அதனினும் பெரியதாக இருத்தல் வேண்டும். உயரத்தினும் அகலம் மிக்க கூண்டே ஏற்றது. ஏனெனில், கிளி பக்கவாட்டில் பறப்பது. கம்பிகளின் இடைவெளி அரை அங்குலத்துக்கு மேற்படின் தலை சிக்கிக்கொள்ளும். பட்ஜெரிகர் கூட்டமாக வாழும் இயல்பினது. ஆதலின் தனியே ஒன்றை வைத்தலினும் இரண்டாக வைத்தல் நன்று. திட்டம் தொடக்கத்திலேயே இரு பறவைகளுக்கு உரியதாக இருக்கட்டும்.

அடுத்தது மாதச் செலவு. ஒரு பறவைக்கு நாளொன்றுக்குப் பத்து கிராம் தானியம் என்று கொண்டால், இரண்டுக்கும் மாதம் 600 கிராம்; ஆண்டுக்கு 7 கிலோவுக்குச் சற்று மேல். இத்தானியத்தில் தலையாயது தினை. அன்று எந்தத் தினைக்காகக் குறிஞ்சி மகளிர் கிளியை ஓட்டினரோ, அதே தினையை இன்று நாம் காசு கொடுத்து வாங்கிக் கிளிக்கு இடுகின்றோம்! இந்தி வழங்கும் ஊர்களில் இதனைக் கங்னி என்று கேட்டால் கிடைக்கும். மராத்தியில் ராளா, வங்கத்தில் கௌன், கன்னடத்தில் நவணெ, தெலுங்கில் கொர்ரலு என்பர். தானியம் மட்டும் போதாது. கீரையும் கொத்தமல்லித் தழையும் சிறிதளவு நாள்தோறும் வேண்டும். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு ஒன்று கூண்டில் தொங்க வேண்டும். சாக்லேட்டும் அவகாடோ பழமும் பறவைக்கு நஞ்சு. ஒட்டாத பூச்சுள்ள வாணலி அளவு மீறிக் காய்ந்தால் எழும் புகையும் அதனைக் கொல்லும்.

மூன்றாவது, பெரும்பாலோர் எழுத மறக்கும் மருத்துவச் செலவு. சிறு பறவை தன் நோயை மறைத்துக்கொள்ளும் இயல்பினது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடியில் அமர்ந்துவிட்டால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். பறவைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் எல்லா இடத்தும் இலர். ஆதலின், வண்டிச் செலவும் சேர்த்து, மாதத் தீனிக்கு ஆகும் அளவு தொகையைத் தனியே எடுத்து வைத்தல் தக்கது.

நான்காவது, வெளிமாநிலத்தில் வாழ்வோர்க்கே உரிய செலவு. கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்று ஒரு திங்கள் தங்கினால், கிளியை யாரிடம் விடுவது? அண்டை வீட்டார் அன்புடையவராயினும் அவர்க்கும் பயணங்கள் உண்டு. பணிமாற்றம் வந்தால் ஆயிரம் கல் தொலைவுக்குக் கூண்டை எவ்வாறு கொண்டுசெல்வது? வடநாட்டுக் குளிரில் கூண்டுக்குப் போர்வையும் கோடை அனற்காற்றில் மறைப்பும் வேண்டும். இவற்றுக்கெல்லாம் விடை கண்டபின் பறவையை வாங்குதல் அறிவுடைமை.

இறுதியாகப் பெருக்கல். பட்ஜெரிகர் ஐந்து முதல் பத்து ஆண்டு வரை வாழக்கூடியது. ஏழாண்டு என்று வைத்தால் 84 மாதங்கள். மாதம் நூறு ரூபாய் என்பது மிகச் சிறு தொகையாகத் தோன்றினும், 84ஆல் பெருக்கினால் 8,400 ரூபாய் ஆகின்றது. நும் ஊரில் ஆகும் உண்மையான மாதச் செலவை அந்த நூறின் இடத்தில் வைத்துப் பெருக்கி, முதற்செலவைக் கூட்டிப் பார்ப்பீராக. அன்று ஐந்தாம் வகுப்பில் படிக்கும் குழந்தை பள்ளியை முடித்து வெளியேறும் நாளிலும் கிளிக்குத் தினை வாங்கும் கடமை இருக்கும்.

இக்கூட்டுத் தொகையைக் கண்டபின்னும் மனம் பின்வாங்காத குடும்பத்தில் கிளி நன்றாகவே வாழும். பின்வாங்கினாலும் குறையில்லை. தில்லியின் பழைய கோட்டைச் சுவர்ப் பொந்துகளிலும், நம் நகரங்கள் பலவற்றின் சாலை மரங்களிலும், பச்சைக்கிளிகள் மாலைதோறும் கூட்டங்கூட்டமாக வந்து அடைகின்றன. குழந்தையின் கையைப் பிடித்து அழைத்துச் சென்று, கிளி என்னும் சொல்லைச் சொல்லிக்கொடுத்து, அவற்றைக் காட்டுவதற்குச் செலவு ஏதுமில்லை.