யூ.கே. சப்ஸ்

இங்கிலாந்தின் பங்க் ராக் இசைக்குழு. 1976இல் லண்டனில் உருவானது. நிறுவியவர் பாடகர் சார்லி ஹார்ப்பர். பங்க் அலை எழுந்தபோது அதன் பாடகர்களில் பெரும்பாலோர் இருபதை ஒட்டிய இளைஞர்கள். 1944இல் பிறந்த ஹார்ப்பரோ முப்பதைக் கடந்தவர், முடிதிருத்தும் தொழில் செய்தவர், ரிதம் அண்ட் ப்ளூஸ் பாடிப் பழகியவர். குழுவின் தனித்தன்மைக்கு அந்தப் பழக்கமே வேர். கிதார் கலைஞர் நிக்கி காரெட்டின் வேகமான, கூர்மையான வாசிப்புக்கு நடுவே ஹார்ப்பரின் மவுத் ஆர்கன் ஒலிப்பதைக் கேட்டால் இது விளங்கும். பாடல்கள் சிறியவை, சுற்றிவளைக்காதவை. கூட்டம் சேர்ந்து கத்திப் பாடத் தக்கவை.

1979இல் ‘ஸ்ட்ராங்கிள்ஹோல்ட்’ பாடல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் இடம்பிடித்தது. 1980இல் வந்த நேரடி நிகழ்ச்சிப் பதிவான ‘கிராஷ் கோர்ஸ்’ முதல் பத்து ஆல்பங்களுள் ஒன்றானது. பனிப்போர்க் கால அணு ஆயுத அச்சத்தைப் பாடும் ‘வார்ஹெட்’ அதே ஆண்டினது; அடங்கிய பேஸ் கிதாரில் தொடங்கி மெல்ல இறுகும் அப்பாடலே குழுவின் உச்சம் எனலாம்.

முதன்மை ஆல்பங்களின் தலைப்புகளுடைய முதலெழுத்துகள் ஆங்கில அகரவரிசையில் அமைந்தவை. 1979இல் ‘அனதர் கைண்ட் ஆஃப் ப்ளூஸ்’ தொடங்கிய வரிசை 2016இல் ‘ஸீஸோ’வுடன் நிறைவுற்றது. உறுப்பினர்கள் ஓயாமல் மாறினர். ரான்சிட் குழுவின் லார்ஸ் ஃப்ரெடெரிக்சனும் சிறிது காலம் வாசித்தார். ஹார்ப்பர் மட்டும் மாறவில்லை. இவர்களின் ‘டவுன் ஆன் த ஃபார்ம்’ பாடலை கன்ஸ் அன்’ ரோசஸ் குழு 1993இல் மறுபதிவு செய்தது.